கண்ட்ரோல் தட்டு எங்கே?

போன இதழில், நோய்க்கிருமிகளோடு வேலை செய்யும் ஆய்வு மாணவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மேஜை நிறைந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் காசநோய்க் கிருமியோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்துவது கஷ்டம். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். வேறு விஷயங்கள் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க் கிருமியில் ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் ஈ.கோலையில் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் கிருமியைத் தட்டில் போட்டால் காலையில் ரிசல்ட். எனக்கு ஒரு பொட்டு தெரியவே ஒரு மாதம் ஆகிறது. வாராந்தரக் கூட்டத்தில் காட்ட ஒன்றுமே இல்லை. பின்தங்கிவிட்டேனா, மேடம்?
(ஆய்வு மாணவி)

அவர்கள் கிருமி நல்ல சாப்பாடு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். உங்களுடையது ஏறக்குறைய இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை. அறுபது மடங்கு வித்தியாசம். அவர்களுடைய ஒரு வாரத்தை உங்களுடைய ஒரு வாரத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கத்தானே செய்யும்?

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி எப்படி வந்தது என்று பாடத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். கால்மெட், கெராங் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1908-இல் மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீரும் கிளிசரினும் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்க ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றினார்கள். நடுவில் உலகப் போர் வந்தது, அவர்கள் இருந்த ஊரையே எதிரிப்படை பிடித்துக்கொண்டது, அப்போதும் மாற்றினார்கள். 230 முறை, பதின்மூன்று வருடம். 1921-இல்தான் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வாராந்தரக் கூட்டம் இருந்திருந்தால் என்ன காட்டியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துச் சிரித்ததுண்டு. "இந்த வாரமும் கிழங்கு மாற்றினோம்."

சரி, ஆறுதல் போதும். வேலைக்கு வருவோம். மெதுவான கிருமியை வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்கக் கூடாது. வாரம் ஒன்று தொடங்குங்கள். முதல் ஆறு வாரம் கையில் ஒன்றும் இருக்காது, ஏழாவது வாரத்திலிருந்து வாராவாரம் ஒன்று பழுக்கும். வேகமாக வளரும் உறவுக்காரனான ஸ்மெக்மாட்டிஸை வைத்து முறைகளை எல்லாம் முதலில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். அது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், மூன்று நாளில் தட்டில் தெரியும், ஆளையும் பொதுவாக ஒன்றும் செய்யாது. நாம் செலுத்தும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் உள்ளே போகிறதா, மருந்தின் அளவு சரியா என்பதையெல்லாம் அதிலேயே தெரிந்துகொண்டால், நிஜக் கிருமியில் ஆறு வாரம் காத்திருந்து 'மருந்தே போட மறந்துவிட்டேன்' என்று கண்டுபிடிக்கிற கொடுமை இருக்காது. எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறேன்.

தட்டின் ஓரத்தை நன்றாக ஒட்டி மூடுங்கள். ஒரு மாதம் சூட்டில் இருந்தால், கிருமி வளரும் கூழான அகார் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது வாரத்தில் ஒரு மூலையில் பூஞ்சை வந்து உட்கார்ந்தால் எத்தனை வயதானாலும் அழுகைதான் வரும். அதனால் எப்போதும் ஒவ்வொன்றிலும் மூன்று போடுங்கள்.

இன்னொன்று. ஒன்றும் வளரவில்லை என்று அவசரப்பட்டுத் தட்டை வீசாதீர்கள். வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டரை வளர்க்க பேரி மார்ஷலும் ராபின் வாரனும் முயன்றபோது, முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளில் எதுவும் வளரவில்லை. தட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்து எறிய ஆள் இல்லாமல் ஐந்தாறு நாள் கிடந்த தட்டில்தான் அது முளைத்திருந்தது. இரண்டு பேருக்கும் 2005-இல் நோபல் பரிசு. முந்தைய தட்டுகளில் எத்தனை குப்பைக்கூடையில் முளைத்திருக்குமோ!

எழுபது சதவீத ஆல்கஹால் போதும் என்கிறார்கள். நூறு சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லாதா?

கொல்லாது. புரதத்தின் கட்டைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும். சுத்த ஆல்கஹால் கிருமியின் வெளிப்புறத்தைச் சட்டென்று உறைய வைத்துவிட்டு, உள்ளே போவதற்குள் ஆவியாகிவிடும். எழுபது கொஞ்ச நேரம் தங்கி வேலை பார்க்கும். ஆனால் சில பாக்டீரியா கெட்டி ஓடு போட்டு உறங்கும் வடிவமான வித்துகளை எந்த ஆல்கஹாலும் ஒன்றும் செய்யாது. எங்கள் லேபில் ஒரு ஆல்கஹால் பாட்டிலுக்குள்ளேயே வித்துகள் சுகமாக உட்கார்ந்திருந்து மூன்று மாதம் எல்லோரையும் அலைக்கழித்தன. கை துடைத்த ஈரம் காய்வதற்குள் பர்னர் பக்கம் போகாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் ஒரு தாவரச் சேர்மம் அழற்சியைக் குறைக்கிறது என்று எட்டு மாதமாக அழகான முடிவுகள். போன வாரம் லேபில் எல்லோருடைய செல்லையும் சோதித்தார்கள். என்னுடையதில் மைக்கோபிளாஸ்மா கிருமி. கைடுக்கு இன்னும் தெரியாது. முடிவுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வந்தன, அதனால் அவை சரியாகவே இருக்கலாம் இல்லையா? என்ன செய்வது?
(பெயர் வேண்டாம்)

தம்பி, முதலில் அந்தச் செல்களை மற்றவர்களுடைய இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே.

அடுத்து, இன்றைக்கே கைடிடம் போங்கள். நாளைக்கு என்று தள்ளினால் நாளை மறுநாள் ஆகும், அப்புறம் அது மறைத்த விஷயமாக மாறிவிடும். இன்றைக்கு இது விபத்து. இரண்டு வாரம் கழித்து இதற்கு வேறு பெயர்.

முடிவுகள் திரும்பத் திரும்ப வந்தன என்கிறீர்கள். திரும்பத்தான் வரும், கிருமியும் எட்டு மாதமாகக் கூடவே இருந்திருந்தால். உங்கள் விஷயத்தில் இது ஏன் கூடுதலாக வலிக்கும் என்று சொல்கிறேன். மைக்கோபிளாஸ்மாவின் மேலே இருக்கும் லிப்போபுரதங்களை மேக்ரோஃபேஜ் தன் டி.எல்.ஆர்.2 என்ற ஏற்பியால் அடையாளம் கண்டு, 'ஆபத்து' என்று, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கொட்டும். அதாவது உங்கள் செல்கள் சோதனை தொடங்குமுன்பே கோபத்தில் இருந்தன. நீங்கள் போட்ட சேர்மம் அழற்சியைக் குறைத்ததா, மைக்கோபிளாஸ்மாவைக் கொன்றதா? தாவரச் சேர்மங்களில் பாக்டீரியாவைக் கொல்பவை நிறைய. இந்த எட்டு மாதத் தரவில் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

எப்படித் தெரியாமல் போனது என்று மருகாதீர்கள். இந்தக் கிருமியின் திறமையே அதுதான். செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் தொடாது. ஊடகத்தைக் கலங்கலாக்காது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. 0.2 மைக்ரான் வடிகட்டியில்கூட நெளிந்து நுழைந்துவிடும். பெரும்பாலும் வருவது பக்கத்து லேபிலிருந்து அன்பளிப்பாக வாங்கிய செல்லோடு, இல்லையென்றால் செல் வேலை செய்யும் பெட்டியான ஹூடுக்கு முன்னால் பேசிக்கொண்டே வேலை செய்யும் நம் வாயிலிருந்து. நானும் பேசிக்கொண்டே வேலை செய்தவள்தான்.

ஒரு வழி இருக்கிறது. உறைபெட்டியில் தேதி வாரியாகக் குப்பிகள் வைத்திருப்பீர்கள். மிகப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து பி.சி.ஆர். செய்து பாருங்கள். எந்தத் தேதிக் குப்பியில் முதலில் பாசிட்டிவ் வருகிறதோ, அதற்கு முந்தைய சுத்தமான குப்பி வரையிலான தரவு பிழைக்கும். எட்டு மாதத்தில் மூன்று மாதம் பிழைத்தாலும் லாபம். சுத்தமான குப்பியிலிருந்து மறுபடி செல் வளர்த்து, முக்கியமான இரண்டு சோதனைகளை மட்டும் முதலில் செய்யுங்கள். முடிவு நின்றால் சந்தோஷம். நிற்காவிட்டால், உங்கள் சேர்மம் மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிராக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு கேள்விதான்.

இது உங்கள் ஒருவருக்கு நடந்ததும் அல்ல. 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு கூட்டத்தில் எழுந்து, வெவ்வேறு திசுக்களிலிருந்து எடுத்தவை என்று உலகம் நம்பி வைத்திருந்த பதினெட்டு செல்வகைகளும் உண்மையில் ஹீலா என்ற ஒரே புற்றுநோய்ச் செல்வகை போலத் தெரிகின்றன என்று சொன்னார். அந்த அறையில் இருந்தவர்களில் பலர் பல வருட வேலையை அந்த ஒரு பேச்சில் இழந்தார்கள். பலர் நம்ப மறுத்து இன்னும் பல வருடம் அதே செல்களில் வேலை செய்தார்கள் என்பதுதான் வருத்தமான பகுதி.

என் மகள் நோய்க்கிருமிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் சேர்ந்தாள். கேட்டால் 'பயப்படாதீங்கப்பா' என்கிறாள், அதற்கு மேல் சொல்வதில்லை. நான் அறிவியல் படித்தவன் இல்லை. உண்மையிலேயே பயப்பட வேண்டாமா?
(ஒரு தந்தை)

ஐயா, என் அப்பாவும் இதே கேள்வியைக் கேட்டார், நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதில் போதாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பழைய காலத்தில் பயப்பட வேண்டியதாகத்தான் இருந்தது. டைபஸ் நோயை ஆராய்ந்த ரிக்கெட்ஸ் அதே நோயில் 1910-இல் இறந்தார். அதே நோயை ஆராய்ந்த ப்ரோவாசெக் 1915-இல். அந்தக் கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். அப்போது கிருமிக் கரைசலை வாயால் உறிஞ்சி அளந்தார்கள் என்றால் நம்புவீர்களா? கண்ணாடிக் குழலின் மேல்முனையில் கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான் காவல். என் மூத்தவர்களில் சிலர் அந்தப் பழக்கத்தை விட முடியாமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு நிலைமை வேறு. கிருமியின் ஆபத்தைப் பொறுத்து லேப்களை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்றில் இருப்பவை ஆரோக்கியமான ஆளுக்கு நோய் தராதவை. காசநோய்க் கிருமியை வளர்ப்பது மூன்றில். நான்கில் எபோலா போன்றவை. பெரும்பாலான மாணவர்கள் இரண்டில்தான் இருப்பார்கள். மூன்றாம் தர லேபில் அறையின் காற்றழுத்தமே வெளியை விடக் குறைவாக இருக்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. கிருமியைத் திறப்பது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். அதன் முன்பக்கம் காற்றுத்திரை ஒன்று உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், வெளியேறும் காற்று நுண்வடிகட்டி வழியாகத்தான் போகும்.

பெரும்பாலும் விபத்து நடப்பது கண்ணுக்குத் தெரியாத தூறலால். குப்பியை வேகமாகக் குலுக்கித் திறப்பது, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் நின்றவுடன் மூடியைத் திறப்பது, ஊசிக்கு மூடி மாட்டப் போய்க் குத்திக்கொள்வது. புரூசெல்லா என்றொரு கிருமி உண்டு. அது என்னவென்று தெரியாமல் தட்டைத் திறந்து மோந்து பார்த்தே காய்ச்சலில் விழுந்த லேப் ஆட்கள் உண்டு. படித்தவர்கள்தான்.

அதனால் மகளிடம் 'பயமா இருக்கு' என்று சொல்லாமல் வேறு மாதிரி கேளுங்கள். உன் லேப் எந்தத் தரம்? பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று ஒட்டியிருக்கிறார்களா? ராத்திரி தனியாக வேலை செய்கிறாயா? ஊசி குத்தினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியுமா? முதல் மூன்றுக்குப் பதில் வந்து, கடைசிக் கேள்விக்கு அவள் யோசித்தால், அந்த ஒன்றை மட்டும் இந்த வாரமே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று அவள் அதற்கப்புறம் கொஞ்சம் கூடப் பேசுவாள் என்பது என் அனுபவம். காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், என்ன கிருமியோடு வேலை செய்கிறாள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். நிறையப் பேர் அதைச் சொல்வதே இல்லை.

நம் உடலில் மனித செல்களை விடப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறதாமே?

1972-இல் ஒருவர் உத்தேசமாகப் போட்ட கணக்கு அது. எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும். 2016-இல் மறுபடி கணக்கிட்டபோது, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, சொந்த செல் சுமார் 30 லட்சம் கோடி என்று வந்தது. ஏறக்குறைய சரிக்குச் சரி. மொத்த பாக்டீரியாவின் எடை கால் கிலோகூட வராது.

நான் முதல் இரண்டு வருடம் உழைத்துக் கண்டுபிடித்ததை என் கைடு தன் பெயரில் எல்லா மேடையிலும் பேசுகிறார். கட்டுரையில் என் பெயர் முதலில் வருமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இதெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதானா?
(ஆய்வு மாணவர்)

நடப்பதுதான். இதில் மிகப் பெரிய கதை உங்கள் துறையிலேயே இருக்கிறது, முழுதாகச் சொல்கிறேன்.

ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், வயது 23, ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறை லேபில் மண்ணிலிருந்து கிருமிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். காசநோய்க் கிருமியை வைத்தும் வேலை செய்ததால் அவரை நிலவறையில் வைத்தார்கள், மேல்மாடிக்கு அந்தக் கிருமி வரக் கூடாது என்று. 1943 அக்டோபர் 19 அன்று அவருடைய தட்டில் இரண்டு சாம்பல்-பச்சை ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகள் மற்றப் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுத்தன. ஒன்று உரமிட்ட மண்ணிலிருந்து வந்தது. இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது, அதைக் கொடுத்தவர் சக மாணவி ஒருவர். அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வேலை செய்த முதல் ஆன்டிபயாடிக். 1944-இல் வந்த முதல் கட்டுரையில் ஷாட்ஸ் பெயர் முதலில், எலிசபெத் பூகி அடுத்து, கைடு வாக்ஸ்மன் கடைசியில்.

அதற்கப்புறம் மேடைகளில் ஷாட்ஸ் மெல்ல மெல்ல மறைந்துபோனார். காப்புரிமைப் பணம் வாக்ஸ்மனுக்கு வருகிறது என்று தெரிந்ததும் 1950-இல் வழக்குப் போட்டார். சமரசத்தில் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் உரிமத்தொகையில் மூன்று சதவீதமும் கிடைத்தன. 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். கைடு மேல் வழக்குப் போட்டவன் என்று ஷாட்ஸுக்கு நல்ல லேப் எதுவும் கதவு திறக்கவில்லை. அவர் படித்த பல்கலைக்கழகமே அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1994-இல். பூகியின் பெயரோ காப்புரிமையில் இல்லவே இல்லை. அவரைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம்.

வாக்ஸ்மனை முழு வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் மருந்து தேடும் முறையையே கட்டி எழுப்பியவர் அவர். ஆனால் இளையவர் பெயரை ஒரு முறை கூடுதலாகச் சொல்வதில் அவருக்கு என்ன குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஷாட்ஸைக் கடைசியில் காப்பாற்றியது அவருடைய குறிப்பேடு. தேதி, தட்டு, என்ன பார்த்தார், எல்லாம் மையில் இருந்தன. உங்கள் குறிப்பேடும் அப்படி இருக்கட்டும். பக்க எண், தேதி, அடித்தால் ஒரே கோடு, பக்கம் கிழிக்கக் கூடாது. அப்புறம், கட்டுரை எழுதி முடித்த பிறகு பெயர் வரிசையைப் பேசினால் அது சண்டை. எழுதத் தொடங்குமுன் பேசினால் அது ஏற்பாடு. ஒரு தாளில் வரப்போகும் படங்களை வரிசையாக எழுதி, எதை யார் செய்தார்கள் என்று பக்கத்தில் குறித்து, அதை எடுத்துக்கொண்டு போய், "மேலே என் பெயர் வரும் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சார்?" என்று கேளுங்கள். கேட்கும்போது குரல் நடுங்கும், பரவாயில்லை. பேசி முடித்ததை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில், நன்றியோடு, எழுதி அனுப்பிவிடுங்கள்.

மேடையில் கைடு பேசுவது வேறு விஷயம். லேபைப் பற்றிப் பேசத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். கடைசிப் படத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என்னுடைய முதல் கண்டுபிடிப்பு ஒன்றை ஒரு பெரியவர் இருநூறு பேர் முன்னால் பேசினார், கடைசிப் படத்தில் லேபின் குளிர்சாதனக் கம்பெனிக்குக்கூட நன்றி இருந்தது, எனக்கு இல்லை. யார் என்று சொல்ல மாட்டேன்.

எலிகளில் தடுப்பாற்றல் ஆய்வு. முந்தைய மாணவர் குடலில் டி.எச்.17 என்ற தடுப்பாற்றல் செல்கள் ஏராளம் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார். அதே இன எலி, அதே ஆன்டிபாடி, எனக்கு அநேகமாகப் பூஜ்யம். நான் செய்வது தப்பா, அவர் எழுதியது பொய்யா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். எலிகளை இப்போது எங்கிருந்து வாங்குகிறீர்கள்? அவர் எங்கிருந்து வாங்கினார்?

2009-இல் இதே புதிர்தான் அவிழ்ந்தது. ஒரே மரபணு கொண்ட எலிகள், இரண்டு இடங்களில் வளர்ந்தவை. ஒன்றின் குடலில் டி.எச்.17 நிறைய, மற்றதில் கிட்டத்தட்ட இல்லை. காரணம் இழை மாதிரி நீளமான ஒரே ஒரு வகைப் பாக்டீரியா. குடல் சுவரோடு ஒட்டி வாழ்வது. அது இல்லாத எலிக்கு அதைக் கொடுத்தால் டி.எச்.17 வந்துவிடுகிறது. எலி ஒன்றுதான், குடியிருப்பவர்கள் வேறு.

இரண்டு இடத்து எலிகளையும் சில வாரம் ஒரே கூண்டில் விட்டுப் பாருங்கள். ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்னும் பிராணிகள், தானாகவே பரிமாறிக்கொள்ளும். உங்கள் எண்ணிக்கை ஏறினால் முந்தையவர் யோக்கியர். இனி ஜீன் நீக்கிய எலியையும் சாதாரண எலியையும் ஒப்பிடும்போது, ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளாகப் பாருங்கள். வேறு வேறு கூண்டில் வளர்ந்ததை ஒப்பிட்டுவிட்டு ஜீனின் வேலை என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

செத்த செல்லை ஒதுக்கும் சாயம் போட்டீர்களா என்பதையும் கேட்டுவிடுகிறேன். செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்கும் 'புது வகைச் செல்' பாதிக்குப் பாதி பிணம்தான்.

என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அவ்வளவு சின்ன விஷயம். பெரிய ஏடுகள் எதுவும் தொடாது. மாற்றிக்கொள்ளலாமா?

புரூஸ் கிளிக் என்ற மாணவர் கோழியின் பின்புறத்தில் இருக்கும் ஒரு சின்னப் பையை ஆராய்ந்தார். பெயர் பர்ஸா. எதற்கு இருக்கிறது என்று பேராசிரியரைக் கேட்டார், நீயே கண்டுபிடித்துச் சொல் என்றார் அவர். வெட்டி எடுத்தார், கோழிகள் பாட்டுக்கு மேய்ந்தன, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திமோத்தி சாங் என்ற சக மாணவர், ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்று வகுப்பில் காட்ட அவரிடம் கோழி கடன் வாங்கினார். ஊசி போட்டார். பர்ஸா எடுத்த கோழிகளில் ஆன்டிபாடி வரவில்லை. வகுப்பு சொதப்பியது. கிளிக்கும் சாங்கும் சொதப்பலை விட்டுவிடாமல் மறுபடி செய்து பார்த்தார்கள்.

பெரிய ஏடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-இல் கோழி வளர்ப்பு அறிவியல் ஏடு ஒன்றில் வந்தது. தடுப்பாற்றல் துறையினர் கோழி ஏடு எதற்குப் படிக்கப் போகிறார்கள்? வருடக்கணக்கில் கவனிப்பாரில்லை. ஆன்டிபாடியை உருவாக்கும், இன்று பள்ளிப் புத்தகத்தில்கூட இருக்கும் 'பி செல்'லில் உள்ள 'பி' அந்தப் பர்ஸாவின் முதல் எழுத்து. இன்னொரு பக்கம், தைமஸ் சுரப்பி சும்மா இருக்கும் உறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தபோது 1961-இல் அதன் வேலையைக் காட்டிய ஜாக் மில்லர் அதைத் தேடிப் போனவரே இல்லை, எலிகளின் இரத்தப் புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 'டி செல்' அங்கிருந்து.

உங்கள் தலைப்பும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, பெரும்பாலான சின்னத் தலைப்புகள் சின்னதாகவே முடியும். மாற்றலாமா என்றால், உங்களுக்கே அடுத்த கேள்வி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இருங்கள். மற்றவர்களுக்கு வராதது மட்டும்தான் குறை என்றால் மாற்ற வேண்டாம். உங்களுக்கும் வரவில்லை என்றால் மூன்றாம் வருடம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

பெட்ரி தட்டை இன்குபேட்டரில் ஏன் தலைகீழாக வைக்கிறோம்? கேட்டால் எல்லோரும் 'அப்படித்தான்' என்கிறார்கள்.
(முதல் மாதம்)

மூடியில் சேரும் நீராவி துளியாகி அகார் மேல் சொட்டினால் தனித்தனியாக இருக்க வேண்டிய கிருமிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடிவிடும். கவிழ்த்து வைத்தால் துளி மூடியிலேயே நிற்கும்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், முதல் மாதமாயிற்றே. பெயரையும் தேதியையும் மூடியில் எழுதாதீர்கள், அகார் இருக்கும் அடிப்பக்கத்தில், ஓரமாக, சின்னதாக எழுதுங்கள். நான் மூடியில் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் சேர்க்காமல் வைக்கும் கண்ட்ரோல் தட்டு உட்படப் பதினோரு தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு போகும்போது கால் இடறியது. ஒரு தட்டும் உடையவில்லை. மூடிகள் பதினொன்றும் ஒரு பக்கம், அடிகள் பதினொன்றும் ஒரு பக்கம். என் கைடு கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதில் கண்ட்ரோல் எதும்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.